பெரியம்மா பேரில் இருந்த அம்மாவின் பி.எஃப்.

அம்மா செத்த அன்றைக்கு நான் ஒரே ஒரு காரியத்தைத்தான் சரியாகச் செய்தேன். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். நர்ஸ் வந்து போர்வையை முகம் வரைக்கும் இழுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் கவுண்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். கிளார்க் ஒரு ஃபாரத்தைத் தள்ளி, கையெழுத்துப் போடச் சொன்னார். இறந்தவர் பேர் என்ற இடத்தில் பெரியம்மாவின் பேர் எழுதியிருந்தது. வயசு ஐம்பத்திரண்டு. என் அம்மாவுக்கு நாற்பதுதான் ஆகியிருந்தது.

நான் கத்தினேன். அப்படி ஒரு கத்தல் என் தொண்டையில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"இது எங்கம்மா பேர் இல்ல சாரே! இது பெரியம்மா. அவங்க தென்காசில நல்லா இருக்காங்க. செத்துப்போனது எங்கம்மா!"

பாவம், அவர் என்ன செய்வார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார். அதில் பெரியம்மா பேர்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் முதல் நாள் சேர்த்தார்கள், அதைப் பார்த்துத்தான் இப்போதும் எழுதியிருக்கிறார்.

"சீட்டு தப்பு," என்றேன். பையில் ரேஷன் கார்டு இருந்தது. எடுத்து மேசைமேல் அடித்தேன். பின்னால் நின்ற ஒரு சேச்சி என் தோளைப் பிடித்து, "எழுதிக்கொடு சாரே, அவளுக்க அம்மயல்லே," என்றாள். கிளார்க் பெரியம்மா பேரை அடித்துவிட்டு, கார்டைப் பார்த்து அம்மா பேரை எழுதினார். வயசையும் திருத்தினார். அந்தப் பேரிலேயே மரணச் சர்டிபிகேட்டும் வந்தது. நாலு நாளாக என் கையில் எதுவும் நிற்கவில்லை, இதையாவது சரியாகச் செய்தோம் என்று நினைத்தேன். முட்டாள்.

பேர் விஷயத்தைச் சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பொன்முடிக்குப் போகிற மலைப்பாதையில் உள்ளே தள்ளி எங்கள் தேயிலை எஸ்டேட். பெரியம்மா அங்கே நிரந்தர ஆளாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நம்பர் உண்டு. ரெண்டரை வருஷம் வேலை பார்த்தாள், பிறகு தென்காசிப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் எஸ்டேட்டில் புது ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் நம்பரை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? கங்காணி என் தாத்தாவிடம் வந்து, சின்னவளை நிறுத்து, பேரைக் கூப்பிட்டால் இருக்கேன் என்று சொல்லச் சொல்லு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். மறுநாள் அம்மா பெரட்டுக்களத்தில் போய் நின்றாள். அக்கா பேரைக் கூப்பிட்டார்கள். "இருக்கேன்," என்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. அப்புறம் இருபத்திமூணு வருஷம் அக்கா பேருக்கு அவள்தான் இருக்கேன் சொன்னாள். கம்பளி கொடுத்தாலும் அந்தப் பேர், போனஸ் கொடுத்தாலும் அந்தப் பேர், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தாலும் அந்தப் பேர். நான் பிறந்ததற்குக் கொடுத்த பிரசவ லீவுகூட பெரியம்மா பேரில்தான். எஸ்டேட் கணக்குப்படி என்னைப் பெற்றவள் பெரியம்மா. அதே மாசம் அவள் தென்காசியில் என் அண்ணனையும் பெற்றாள். ரெண்டு மாநிலத்தில் ரெண்டு பிள்ளை.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். கீழ் லயத்தில் ஒரு மாமா, செத்துப்போன மச்சான் பேரில் முப்பது வருஷம் மருந்தடித்தார். அவர் ரிட்டயர் ஆனபோது யூனியன்காரர்கள் மைக் கட்டி, மச்சான் பேரைச் சொல்லி மாலை போட்டார்கள். மச்சானின் பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

நான் எட்டாம் கிளாஸ் படிக்கும்போது அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"உன் பேரை மாத்திக் குடுக்கச் சொல்லும்மா. எதுக்கு அடுத்தவங்க பேர்ல சாகுற?"

"மாத்துனா புது ஆளுன்னு எழுதிப்புடுவான்டி. பழைய சர்வீஸ் பூரா போயிரும். பி.எஃப். போயிரும்."

"அந்த பி.எஃப். உன் பேர்லயா இருக்கு?"

"பேரு அவளோடது. பிடிக்கறது என் சம்பளத்துல. அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். என் பேரையும் அதுல எழுதச் சொல்லிருக்கேன், நீ கவலப்படாத."

என் பேரையும் எழுதச் சொல்லியிருக்கேன் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

அம்மாவுக்கு அந்தப் பணத்தின்மேல் ஒரே ஆசைதான். மலைக்குக் கீழே விதுரையில் மூணு சென்ட் வாங்கி, லயத்தை விட்டு இறங்கி வரவேண்டும். ஓட்டு வீடு போதும், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருமக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். அதனால் அவள் போன பிறகு எனக்கும் அந்தப் பணம் ஒன்றுதான் குறி. மூணு சென்ட் கிடைக்குமோ கிடைக்காதோ, இருபத்திமூணு வருஷமாக அவள் சம்பளத்தில் பிடித்தது ஏதோ ஒரு ஆபீஸில் யாருக்கும் இல்லாமல் கிடந்து போகக்கூடாது. அப்பா நான் நாலாவது படிக்கும்போதே போய்விட்டார். என்னை விட்டால் கேட்க வேறு ஆளும் இல்லை.

டிஸ்பென்சரியைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் வயிறு எரிவது நிற்காது. சட்டப்படி எஸ்டேட்காரன் வைத்தியம் பார்க்கவேண்டும். டிஸ்பென்சரி உண்டு, கம்பவுண்டர் உண்டு, நோயாளியைக் கீழே கொண்டுபோக ஜீப்கூட உண்டு. ஆனால் எஸ்டேட் நொடித்துக்கொண்டு வந்த வருஷங்கள் அவை. கம்பவுண்டருக்கும் சம்பளம் பாக்கி, அவர் வாரத்துக்கு மூணு நாள்தான் மலை ஏறுவார். ஜீப்பில் டீசல் இருக்காது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது ஒரு சனிக்கிழமை. கம்பவுண்டர் திங்கட்கிழமை வந்து, எந்த வியாதிக்கும் கொடுக்கிற அதே ரோஸ் கலர் மருந்தைக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை கண்ணு மஞ்சளாகிவிட்டது. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார், பெரியம்மா பேருக்கு. எலிப்பனி என்றார்கள், எலிக்காய்ச்சல். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு, காலில் புண்ணோடு ஈரத்தில் நிற்கிறவர்களுக்கு வருமாம். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஒரு சின்ன டாக்டர் சொன்னார். அவர் ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று இன்னும் தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பி.எஃப்., டிஸ்பென்சரி என்று எதுவும் அங்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி கேட்டார்: "பி.எஃப். பிடிச்சா கையில கொறச்சு கிட்டும். முழுசா வேணுமா, பிடிக்கணுமா?" நாங்கள் ஆறு பெண்களும் முழுசாக என்றோம். நான் செத்துப்போனால் கடையில் மாற்றவேண்டியது ஒன்றுதான். மேசைக்கு அடியில் கிடக்கிற என் செருப்பை எடுத்து வெளியே போடவேண்டும்.

பதினாறாம் நாள் முடிந்ததும் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். ரைட்டர் சார் மலையாளி, அம்மாவை வருஷக்கணக்காகத் தெரிந்தவர். நம்பரைச் சொல்லவே வேண்டாம், முகத்தைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்தார். சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தவர் தலையில் கை வைத்துவிட்டார்.

"நீ எந்தினா மோளே பேரு மாத்தியது?"

"எங்கம்மா செத்ததுக்கு எங்கம்மா பேர்ல சர்டிபிகேட் வாங்குனது தப்பா சார்?"

"தப்பு. வலிய தப்பு. அங்ஙனே விட்டிருந்தா டெத் கிளெய்ம் எழுதி ரெண்டு மாசத்துல பைசா வாங்கலாமாயிருந்து. இன்சூரன்சும் கிட்டும்."

"பெரியம்மா உயிரோட இருக்காங்களே சார்."

"தென்காசியிலல்லே? இவிட ஆரு கண்டு?"

வெளியே லயத்து அக்கா ஒருத்தி காது கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி வருவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் லயம் போய்ச் சேர்ந்துவிட்டது. "எட்டாங்கிளாஸ் வரைக்கும் போன புள்ள," என்றாள், என் காதில் விழட்டும் என்றே. "எங்கள மாதிரி கைநாட்டா இருந்திருந்தா பேசாம வச்சுட்டு வந்திருப்பா. படிச்சுப் பாத்துல்ல கெடுத்திருக்கா!"

சரி, பி.எஃப். ஆபீஸிலேயே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால் வேலை நடக்கும் என்று அப்போதும் நினைத்தேன் பாருங்கள். கடையில் அரை நாள் லீவு போட்டேன். மூணு மேசை மாறி, கடைசியில் ஒரு நரைத்த மீசைக்காரரிடம் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்சம் தமிழ் பேசுவார். முழுக் கதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நம்பரை வாங்கிக்கொண்டு போய் ஒரு ஃபைலோடு வந்தார்.

"இந்த மெம்பர் மரிச்சிட்டில்லல்லோ," என்றார், சாகவில்லையே என்று. "சர்டிபிகேட்டுல உள்ள பேரு வேற."

"அதுதானே சார் சொல்றேன். வேலை பார்த்தது..."

"நிக்கு. நாமினி ஆருன்னு நோக்கட்டே."

தாளைப் புரட்டினார். பணத்துக்குச் சொந்தக்காரர் செத்துப்போனால் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று எழுதிக்கொடுக்கிற ஃபாரம். அடியில் அம்மாவின் கைரேகை இருந்தது. ஒரு பேரின்மேல் விரலை வைத்தார். பிறகு என் சர்டிபிகேட்டின்மேல் விரலை வைத்தார். மறுபடி ஃபாரம், மறுபடி சர்டிபிகேட்.

"நாமினி, அனியத்தி," என்றார். அனியத்தி என்றால் தங்கை. "ரெண்டும் ஒரே பேரு. நாமினியா மரிச்சது." செத்தது நாமினிதானாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பேரையும் எழுதச் சொல்லியிருக்கேன் என்று அம்மா சொன்னது இதுதான். யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று ரைட்டர் கேட்டிருக்கிறார். பேர்தான் அக்காவுடையது, பணம் தன்னுடையது, அதனால் தனக்கே கொடுக்கவேண்டும் என்று அம்மா தன் பேரைச் சொல்லியிருக்கிறாள். தான் செத்தால் தனக்குக் கொடுங்கள் என்று எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள். என்னை ஏன் எழுதவில்லை? அப்போது நான் கைக்குழந்தையாக இருந்திருப்பேன். அப்புறமாவது மாற்றியிருக்கலாம். அதுதான் மாற்றமாட்டாளே, எதையும் மாற்றமாட்டாள். அங்கேயே, அந்த மேசைக்கு முன்னாலேயே, செத்தவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மீசைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"மெம்பர் ஜீவிச்சிருக்குன்னு. நாமினி மரிச்சுபோயி. அப்போ மோள் ஆரா?"

"மகள்."

"ஆருடே மகள்?"

யாருடைய மகள் என்று கேட்டால் என்ன சொல்வது? என் ரேஷன் கார்டைப் பார்த்தால் ஒருத்தி, எஸ்டேட் புத்தகத்தைப் பார்த்தால் இன்னொருத்தி. அவர் ஃபைலைக் கட்டினார். கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"மெம்பர் ஜீவனோடே உண்டல்லோ?"

"உண்டு சார். தென்காசில."

"எங்கில் மெம்பர் வரட்டே. வேலை விட்டுன்னு எழுதித் தந்தா மெம்பருக்கு கொடுக்கலாம். மோள் பறஞ்ச கத ஒண்ணும் நான் கேட்டிட்டில்ல." நான் சொன்ன கதை எதையும் அவர் கேட்கவே இல்லையாம்.

ஆக, பெரியம்மாவின் காலில் போய் விழவேண்டும். அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு சுமாராகத்தான் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவாள், சாப்பிடுவாள், போகும்போது ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போவாள். "என் நம்பர்ல பொழைக்கிறவதான," என்பாள் சிரித்துக்கொண்டே. அம்மாவும் சிரிப்பாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு ரெண்டு நாள் பாத்திரங்களைப் போட்டு உடைப்பாள்.

தென்காசிக்குப் போனேன். பெரியம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவைத்து, கட்டிப்பிடித்து, ஒரு பாட்டம் அழுதாள். நானும் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னதும் அவள் அழுகை நின்றுவிட்டது.

"எவ்வளவு வருமாம்?"

"தெரியாது பெரியம்மா. வர்றது வரட்டும்."

"மாசாமாசம் பென்ஷன் வருமாமே? பக்கத்து வீட்டுக்காரனுக்கு வருதே."

"வரும்னு நெனைக்கேன். உங்க பேர்லதான் வரும்."

"எம் பேர்லயா!" அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாத்தியாட்டி, ரெண்டரை வருஷம் வேல பாத்தாலும் கவர்மெண்டு மறக்கல பாரு."

"கவர்மெண்டு மறக்காதது உங்கள இல்ல. எங்கம்மா அட்ட கடியில நின்னு..."

"சரிட்டி, சரி. ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே மூக்குக்கு மேல வருது, அப்படியே அவள மாதிரி. பென்ஷன்ல பாதி ஒனக்கு, பாதி எனக்கு. பி.எஃப். பூரா ஒனக்கு. போதுமா?"

போதாது. ஆனால் எனக்கு வேறு வழி எங்கே இருந்தது? தலையாட்டினேன்.

ரைட்டர் சார் ஃபாரத்தில் எஸ்டேட் சீல் வைத்துக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை பெரியம்மா வந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது.

"கொழுந்து எடுக்கறவங்க பட்டுச்சேலையில வருவாங்களா பெரியம்மா?"

"ஏன், எடுக்கறவ மனுஷி இல்லையா? ஆபீஸ்ல நாலு பேரு மதிக்கவேண்டாமா?"

டவுன் பஸ்ஸில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். நம்பர் என்ன, எந்த வருஷம் சேர்ந்தது, கடைசியாக வேலைக்குப் போனது எந்தத் தேதி. அவள் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கடைசி நாள் எது, சொல்லுங்க பாப்போம்."

"வெள்ளிக்கிழம."

"வியாழன். வெள்ளிக்கிழமை அவங்க போகல. உடம்பு வலிக்குதுன்னு படுத்துட்டாங்க. சனிக்கிழமை காய்ச்சல்."

"வியாழன், வியாழன். எத்தன தடவ சொல்லுவ? எம் பேரச் சொல்லுததுக்கு நீ எனக்குக் கத்துத் தருத. இந்தா பாரு, ஒனக்கு ஒண்ணு சொல்லுதேன். உள்ள போயி என்னைய பெரியம்மான்னு கூப்பிடாத. அம்மான்னு கூப்புடு. எஸ்டேட்டு புத்தகத்துல நீ எம் மவ."

"கூப்பிடமாட்டேன்."

"கூப்பிடாட்டிப் போ. வாயவே தொறக்காம இரி."

அதற்குச் சம்மதித்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டம் என்று அவளுக்கும் தெரியும்.

உள்ளே போனால் அதே மீசைக்காரர். வேறு ஆள் இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். அவர் என்னை முன்பின் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பெரியம்மாவை மட்டும் உட்காரச் சொன்னார். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே கேட்டு எழுதுவார் போலிருக்கிறது, ஃபாரத்தை விரித்தார்.

பேர் கேட்டார். சொன்னாள். நம்பர் கேட்டார். சொன்னாள். அப்பா பேர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யார் சொன்னாலும் ஒரே பதில்தான்.

எந்த வருஷம் சேர்ந்தது என்று கேட்டதற்கும் தடுமாறாமல் சொன்னாள், அது அவள் சொந்த வருஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரியம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"சும்மா வேலயா சார் அது? மழையில நின்னு நின்னு முட்டு ரெண்டும் போச்சு. அட்ட ஏறி ரத்தத்த உறிஞ்சிரும். முதுவுல கொழுந்துக்கூடை, வயித்துல புள்ள. ஏழு மாசம் வரைக்கும் போனேன் சார். எம் மாப்பிள்ள போன மூணாம் மாசமே மறுபடி கூடையத் தூக்கிட்டேன். ஒத்தப் புள்ளைய வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

பெரியப்பா தென்காசியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருக்கிறார். கூடையைத் தூக்கியவள் அம்மா. வயிற்றுப் பிள்ளையோடு மலை ஏறியவள் அம்மா. வயிற்றில் இருந்தது நான். அந்தப் பட்டுச்சேலை முதுகைப் பார்த்துக்கொண்டு, நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்கிறாள் என்று கோபம் வந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் பொய் இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா சொன்னதையெல்லாம் இவள் சாப்பிட்டுக்கொண்டே இவ்வளவு நன்றாகக் கேட்டிருக்கிறாள் என்பதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

மீசைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "கடைசி வேலை நாள்?"

"வியாழக்கிழம," என்றாள். தேதியையும் சொன்னாள். எழுதினார்.

"வேலை விட்டதுக்கு காரணம்?"

இதை நாங்கள் ரெண்டு பேரும் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் அவ்வளவு பாடம் நடத்தினேன், இது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"செத்துட்டாங்க," என்றேன்.

என் வாய்தான் சொன்னது. பக்கத்து மேசைக்காரர் கணக்கை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பட்டுச்சேலை கட்டி, வெற்றிலை போட்டு, சிவந்த வாயோடு மெம்பர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் நின்று நான் சொல்கிறேன், செத்துட்டாங்க என்று. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இருபத்திமூணு வருஷத்தையும் ஒரு வார்த்தையில் தொலைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் பாதி, இங்கே மீதி.

மீசைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மோளோடு சோதிச்சில்ல," என்றார். உன்னிடம் கேட்கவில்லை. குரலில் கோபம் இல்லை. பெரியம்மா பக்கம் திரும்பினார். "மெம்பரோடா சோதிச்சது. பறயூ. வேலை எந்தினா விட்டது?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு நேரமும் கடைத்தெருவில் பேசுகிற மாதிரிப் பேசியவள், இதைச் சொன்னபோது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மேலுக்கு முடியல சார்."

"அசுகம்," என்று சொல்லிக்கொண்டே மலையாளத்தில் எழுதினார், உடம்புக்கு முடியவில்லை என்பதற்கு அவர்கள் வார்த்தை. மைப்பெட்டியைத் தள்ளினார். பெரியம்மா கட்டைவிரலை அமுக்கினாள். அவர் அந்த ரேகையைப் பார்த்தார், ஃபைலில் இருந்த பழைய ரேகையையும் ஒரு நிமிஷம் பார்த்தார். ஃபைலை மூடினார்.

வெளியே வந்ததும் படியிலேயே பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்னட்டி சொல்லிப்புட்ட! ஆபீஸ் நடுவுல உக்காந்திருக்கேன், என்னையக் கொன்னுப்புட்டியே. எனக்கு ரெண்டு பயலுவ இருக்கானுவட்டி!"

"நீங்க மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க? மேலுக்கு முடியலயாம்."

"பின்ன? என்னத்தச் சொல்லணுங்குத? முடியாமத்தான போனா?"

ஒரு சர்பத் கடையில் நிறுத்தி அவளுக்கு எலுமிச்சை பிழிந்த நாரங்காவெள்ளம் வாங்கிக் கொடுத்தேன். மை விரலை டம்ளரில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, "ஏழு மாசம்னு சொன்னது சரிதான?" என்று கேட்டாள். எட்டு என்றேன். அடுத்த தடவை சரியாகச் சொல்கிறேன் என்றாள். அடுத்த தடவை எதற்கு என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

மூணு மாசம் கழித்துப் பணம் வந்தது. பெரியம்மா பேங்கில் எடுத்து, பி.எஃப். முழுவதையும் என் கையில் கொடுத்தாள். பஸ் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டதைப் பத்துத் தடவை சொல்லிக் காட்டினாள். மூணு சென்டுக்குக் காணாது. ஒன்றரை சென்டுக்குக்கூடக் காணாது. எஸ்டேட்காரன் கடைசி வருஷங்களில் சம்பளத்தில் பிடித்தானே தவிர ஆபீஸில் கட்டவில்லை என்று ரைட்டர் சார் அப்புறம்தான் வாய் திறந்தார். அதற்கு யூனியன் கேஸ் போட்டிருக்கிறது. அந்தக் கேஸ் பட்டியலிலும் பெரியம்மா பேர்தான்.

ஃபாரத்தின் ஒரு நகலை மீசைக்காரர் எங்களிடம் கொடுத்திருந்தார். என்னிடம்தான் இருக்கிறது. பேர் பெரியம்மாவுடையது, வயசு பெரியம்மாவுடையது, ரேகை பெரியம்மாவுடையது. அதில் என் அம்மாவுடையது என்று இருப்பது ஒரு வியாழக்கிழமையின் தேதியும், அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அசுகம் என்ற வார்த்தையும்தான்.